ஐரோப்பாவில் வாழும் பிரிட்டிஷ்காரர்களும் ஓயாத பிரெக்சிட் சண்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். அந்த முடிவு யாரை நேரடியாகத் தொட்டது என்று பார்த்தால், ஒன்றிய நாடுகளில் ஏற்கெனவே குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். பிரெக்சிட் எனப்படும் அந்த வெளியேற்றம் சரியா தவறா என்று அவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை இன்றும் தொடர்கிறது. இடையில் ஸ்பெயினில் வோக்ஸ், பிரான்சில் மரீன் லெ பென்னின் கட்சி, ஜெர்மனியில் ஏ.எஃப்.டி எனத் தீவிர வலதுசாரிக் கட்சிகள் வளர, சண்டையின் களமும் பெரிதாகிவிட்டது.

சண்டை போடுபவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்?

ஒன்றிய நாடுகளில் வாழும் பிரிட்டிஷ் குடிமக்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்பெயினில்தான் கூட்டம் அதிகம். அலிகாண்டே மாகாணத்தில் டொரேவியேகா, ஓரிஹுவேலா கோஸ்டா, ஹாவேயா, தெற்கே மலாகா பக்கம் ஃபுவெங்கிரோலா, மிஹாஸ் என்று கடலோரமாகவே வரிசையாக ஊர்கள். பிரான்சில் டோர்டோன் போன்ற கிராமப்புறங்களில் பழைய கல்வீடுகளை வாங்கிப் புதுப்பித்து வாழ்பவர்கள் ஏராளம். பெர்லினிலும் பிரசெல்சிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்காகப் போனவர்கள். அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. இரு நாடுகளுக்கும் இடையே பழைய பொதுப் பயண ஏற்பாடு இருப்பதால் அங்கே வாழவும் வேலை செய்யவும் அவர்களுக்கு இருந்த உரிமை போகவில்லை.

எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிரியர்கள், கட்டட வேலைக்காரர்கள், மதுக்கடை நடத்துபவர்கள், உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எனப் பலவகை. ஆனால் சண்டையில் உரத்துக் கேட்பது ஸ்பெயின் கடற்கரைக் குரல்தான்.

ஐரோப்பாவில் வீடு வாங்கி உட்கார்ந்துகொண்டே பிரெக்சிட்டை ஆதரித்தார்களா? எப்படி?

பலர் ஆதரித்தார்கள். இதைக் கேட்டவுடன் 'முட்டாள்கள்' என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டுவிட்டு எடை போடுவதுதான் முறை.

முதல் காரணம், அவர்கள் மனத்தில் இருந்த பிரிட்டன். இருபது வருடம் முன்பு விட்டு வந்த ஊர். அங்கே கூட்டம் பெருகிவிட்டது, மருத்துவமனையில் இடம் இல்லை, கட்டுப்பாடு போய்விட்டது என்று ஆங்கிலப் பத்திரிகைகள் தினமும் எழுதின. அந்தப் பத்திரிகைகள் ஸ்பெயின் கடைகளிலும் கிடைத்தன. தாங்கள் வாழும் ஊரைவிட, விட்டு வந்த ஊரைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டு வாக்களித்தார்கள்.

இரண்டாவது, பிரசெல்ஸ் நிர்வாகத்தின் மீது உண்மையான கோபம். தேர்தலில் நம்மிடம் வந்து நிற்காதவர்கள் நமக்குச் சட்டம் போடுகிறார்களே என்ற கேள்வி நியாயமானதுதான். இடதுசாரிகளிலும் அதைக் கேட்டவர்கள் உண்டு.

மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்துகிறது. தாங்கள் குடியேறிகள் என்ற எண்ணமே பலரிடம் இல்லை. நாங்கள் காசு கொண்டுவருகிறோம், வரி கட்டுகிறோம், யாருடைய வேலையையும் பறிக்கவில்லை, நாங்கள் இவர்களுக்குத் தேவை, அதனால் எங்கள் மீது யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார்கள். லண்டனில் காபிக் கடையில் வேலை பார்த்த ஸ்பெயின் பெண்ணும் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்க முடியும். இரண்டு பேரையும் தாங்கி நின்றது ஒரே சட்டம். ஒரு பக்கம் அதை வெட்டிவிட்டு மறுபக்கம் மட்டும் நிற்கும் என்று எதிர்பார்த்ததில் கணக்குத் தப்பிவிட்டது.

சாமானியர்கள் மட்டும் இப்படி நினைத்தார்கள் என்றும் இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் ஆட்சியில் நிதியமைச்சராக இருந்த நைஜல் லாசன், வெளியேற்றப் பிரசார அமைப்புக்குச் சிறிது காலம் தலைவராக இருந்தவர். அவர் வீடு தென்மேற்கு பிரான்சின் ஜெர் மாவட்டத்தில் இருந்தது. பிரெக்சிட்டுக்குப் பிறகும் பிரான்சில் இருப்பதற்கு வசிப்பு அட்டை கேட்டு 2018இல் விண்ணப்பித்தார்.

வாக்கெடுப்பில் இவர்கள் எல்லோருக்கும் வாக்கு இருந்ததா?

இல்லை. சண்டையின் கசப்புக்கு இது முக்கியமான காரணம். வெளிநாட்டுக்குப் போய் 15 வருடம் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் தேர்தல்களில் வாக்களிக்க முடியாது என்பது அப்போதைய சட்டம். அதே விதி வாக்கெடுப்புக்கும் பொருந்தியது. அதாவது அங்கே வேர்விட்டு நீண்ட நாள் வாழ்ந்தவர்கள், இழப்பதற்கு அதிகம் உள்ளவர்கள், வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

ஹாரி ஷிண்ட்லர் என்ற முதியவரின் கதையைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1921இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் ஆன்சியோ கரையில் இறங்கிப் போரிட்ட சிப்பாய். 1982இல் இத்தாலிக்கே போய்க் குடியேறினார். 15 வருட விதியை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2013இல் தோற்றார். வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டதும் 94 வயதில் மறுபடியும் லண்டனில் வழக்குப் போட்டு, 2016 வசந்தத்தில் உயர் நீதிமன்றம், மேல்முறையீடு என ஒவ்வொரு படியிலும் தோற்றார். கடைசியில் 2022இல் நாடாளுமன்றம் அந்த விதியை நீக்கச் சட்டம் போட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரியில். அவர் 2023 பிப்ரவரியில், 101 வயதில் இறந்துவிட்டார்.

ஸ்பெயினில் இருந்தவர்கள் எத்தனை பேர் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டு வாக்குகள் அவரவர் பழைய ஊர்க் கணக்கில் சேர்த்தே எண்ணப்பட்டன. தனியாக எண்ணப்பட்ட ஓரிடம் ஜிப்ரால்டர். ஸ்பெயின் எல்லையோடு ஒட்டி வாழும் அந்தப் பிரிட்டிஷ் பகுதியில் 95.9 சதவீதம் பேர் ஒன்றியத்தில் தங்க வேண்டும் என்றார்கள். எல்லைக் கதவு மூடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ அதை 1969இல் மூடிய காலத்தை அங்குள்ள பெரியவர்கள் வாழ்ந்து பார்த்தவர்கள்.

பிரெக்சிட்டுக்குப் பிறகு அவர்கள் வாழ்க்கையில் உண்மையில் என்ன மாறியது?

இதற்கு ஒரே பதில் இல்லை. எல்லாம் ஒரு தேதியைப் பொறுத்தது: பிரிட்டன் வெளியேறிய பின்னும் பழைய விதிகள் தொடர்ந்த இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31.

அதற்கு முன்பே சட்டப்படி ஒரு ஒன்றிய நாட்டில் வசித்தவர்களை, பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட வெளியேற்ற ஒப்பந்தம் காப்பாற்றியது. அதே நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஓய்வூதியமும் வருடாவருடம் உயரும். ஓய்வூதியக்காரர்களின் மருத்துவச் செலவைப் பிரிட்டன் தொடர்ந்து கொடுக்கிறது. ஆனால் ஸ்பெயினில் வசிப்பு அட்டை வைத்திருப்பவர் அந்த உரிமையோடு போர்ச்சுகலுக்கோ பிரான்சுக்கோ போய்க் குடியேற முடியாது.

சிக்கிக்கொண்டவர்கள், பதிவே செய்யாமல் இருந்தவர்கள். ஸ்பெயினில் முன்பு வசிப்புப் பதிவு செய்தால் ஒரு பச்சைக் காகிதம் கொடுப்பார்கள். படம் கூட இருக்காது, பர்சில் மடித்து வைத்தால் மடிப்பில் கிழிந்துவிடும். அதுக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. பதிவு செய்தால் ஸ்பெயினில் வரி கட்ட வேண்டும், வெளிநாட்டுச் சொத்துக்களைக் காட்ட வேண்டும், காட்டத் தவறினால் அபராதம் அப்போது கடுமையாக இருந்தது. அதனால் பல வருடம் அங்கேயே வாழ்ந்தும், பிரிட்டிஷ் நம்பர் பலகையோடு கார் ஓட்டிக்கொண்டு, கணக்கில் வராமல் இருந்தார்கள். 2021 பிறந்ததும், அதற்கு முன்பே அங்கே வசித்ததை நிரூபிக்க முடியாதவர்கள் வெறும் சுற்றுலாப் பயணிகள் ஆனார்கள்: எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். குளிர்காலம் முழுவதும் ஸ்பெயினில் கழித்துவிட்டு வசந்தத்தில் ஊர் திரும்பியவர்களுக்கும் அதே கதிதான்.

சரி, விசா வாங்கலாமே என்றால், வேலை செய்யாமல் வாழ வருபவர்களுக்கான ஸ்பெயின் விசாவுக்கு வருடம் 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைத்தாலும் 2025-26 கணக்கில் சுமார் 12,000 பவுண்டுதான். அதை மட்டும் நம்பி இருப்பவருக்குக் கதவு மூடிவிட்டது.

ஓட்டுநர் உரிமம் இன்னொரு கதை. உரிமங்களை மாற்றிக்கொள்வது பற்றி இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வரத் தாமதமானதால், 2022 மே 1 முதல் 2023 மார்ச் 16 வரை ஸ்பெயினில் வசிக்கும் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பிரிட்டிஷ் உரிமத்தை வைத்து வண்டி ஓட்ட முடியவில்லை. பேருந்து போகாத மலைக்கிராமத்தில், மருத்துவமனை முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தப் பத்து மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றத்துக்கு முன்பே விண்ணப்பித்துத் தப்பியவர்கள், தப்பாதவர்களைப் பார்த்து 'உங்களுக்கு அப்போதே சொன்னார்களே' என்றதில் பல வருட நட்புகள் முறிந்தன.

வாக்கே இல்லாமல் போனவர்களும் உண்டா?

உண்டு. லாசன் வீடு இருந்த அதே ஜெர் மாவட்டத்தில் 1984 முதல் வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ் பெண்மணி. 15 வருட விதியால் பிரிட்டனில் அவருக்கு வாக்கு இல்லை, ஆகவே வாக்கெடுப்பிலும் பங்கில்லை. பிரிட்டன் வெளியேறியதும் பிரான்ஸ் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். 2020 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூன் 9 அன்று தீர்ப்பு: பிரிட்டன் வெளியேறியதோடு அதன் குடிமக்கள் ஒன்றியக் குடியுரிமையையும் இழந்துவிட்டார்கள். அன்றைய நிலையில் அவருக்கு எந்த நாட்டிலும் வாக்கில்லை.

பிரான்சின் கிராமங்களில் 2020 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் ஊராட்சி உறுப்பினர்களாக இருந்தார்கள். அந்தத் தேர்தலோடு அவர்கள் இடம் போயிற்று. ஸ்பெயினோடு பிரிட்டன் 2019 ஜனவரியிலேயே தனி ஒப்பந்தம் போட்டதால், அங்கே மூன்று வருடம் வசித்தவர்கள் உள்ளாட்சியில் இன்றும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம்.

சரி, இதில் தீவிர வலதுசாரிகள் எங்கே வருகிறார்கள்?

2016 வாக்கெடுப்பு முடிவை முதலில் கொண்டாடியவர்களில் ஒருவர் மரீன் லெ பென். பிரான்சுக்கும் அதுபோல் வாக்கெடுப்பு வேண்டும் என்றார். 2017 அதிபர் தேர்தலில் மக்ரோனிடம் பெரிய இடைவெளியில் தோற்றபின், ஒன்றியத்தை விட்டும் யூரோவை விட்டும் விலகும் பேச்சைக் கட்சி மெல்லக் கைவிட்டது. லண்டனில் நடந்த இழுபறியைப் பார்த்த பிறகு பிரெஞ்சு வாக்காளர்களிடம் அதை விற்க முடியவில்லை. ஜெர்மனியின் ஏ.எஃப்.டியோ அந்த எண்ணத்தை விடவில்லை. அதன் இணைத்தலைவர் ஆலிஸ் வைடல் 2024 ஜனவரியில்கூட பிரிட்டன் செய்ததை ஜெர்மனிக்கு முன்மாதிரியாகச் சொன்னார். அடுத்த ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் அந்தக் கட்சி 20.8 சதவீத வாக்குகளோடு இரண்டாம் இடம் பிடித்தது.

பிரெக்சிட்டை ஆதரித்த பிரிட்டிஷ்காரர்களில் ஒரு பகுதியினர் இந்தக் கட்சிகளை 'நம் ஆட்கள்' என்று பார்க்கிறார்கள். இதே காரணத்துக்காக மறுதரப்பு அவர்களை 'இனவெறியர்கள்' என்கிறது. ஆனால் வெளியேற வாக்களித்தவர்கள் எல்லோரும் தீவிர வலதுசாரிகள் இல்லை. லெ பென்னைக் கண்டாலே ஆகாத வெளியேற்ற ஆதரவாளர்கள் நிறைய உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் பாதி வாக்குவாதம் பேச்சாகவே இல்லாமல் போகிறது.

ஸ்பெயினில் வோக்ஸ் கட்சியைச் சில பிரிட்டிஷ்காரர்கள் ஆதரிப்பது ஏன்?

வீடுதான் பெரிய காரணம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் யாரோ புகுந்து உட்கார்ந்துவிட்டால் அவரை வெளியேற்ற நீதிமன்றம் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற பயம் கடலோரத்தில் எல்லோருக்கும் உண்டு. அதைப் பற்றி உரத்துப் பேசுவது வோக்ஸ். அப்புறம் வட ஆப்பிரிக்கக் குடியேறிகள் மீதான வெறுப்பு. பழத்தோட்டங்களில் வேலை செய்யும் மொராக்கோக்காரர்களைப் பற்றி வோக்ஸ் பேசும்போது, அது தங்களைப் பற்றியது இல்லை என்று இவர்கள் நினைக்கிறார்கள்.

2025 ஜூலையில் முர்சியா மாகாணத்தின் டோர்ரே பாச்சேகோ என்ற ஊரில் ஒரு முதியவர் தாக்கப்பட்டார். வெளியூர்களிலிருந்து வந்த கும்பல்கள் இரவு இரவாக மொராக்கோக் குடும்பங்களைத் தேடித் தெருவில் திரிந்தன. அந்த வட்டாரத்தின் தோட்டங்களில் காய்கறி பறிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்கள்தான். அதே வட்டாரத்தில்தான் பிரிட்டிஷ்காரர்கள் வீடு வாங்கிய கோல்ஃப் குடியிருப்புகளும் இருக்கின்றன. இரண்டு கூட்டமும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஒன்று இரவில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தது, மற்றது செய்தியில் பார்த்தது. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு 'எங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று முடிவு கட்டுவது எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது, அதைவிடவும் மனிதத்தன்மை இல்லாததாகத் தெரிகிறது.

வோக்ஸ் பிரிட்டிஷ்காரர்களுக்கு நண்பனா?

ஜிப்ரால்டர் ஸ்பெயினுக்கே சொந்தம் என்பது அந்தக் கட்சியின் அடிப்படைக் கோஷங்களில் ஒன்று. 2016 ஜூனில், வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்னால், வோக்ஸ் கட்சிக்காரர்கள் ஜிப்ரால்டர் பாறை மேல் பெரிய ஸ்பெயின் கொடியை விரித்தார்கள். அதில் இருந்த ஹாவியேர் ஓர்தேகா ஸ்மித் போலீஸிடம் சிக்காமல் கடலில் நீந்தி ஸ்பெயின் கரைக்குத் திரும்பினார். 'ஸ்பெயின்காரர்களுக்கே முதலிடம்' என்று வாக்குக் கேட்கும் கட்சி, மற்றவர்களுக்கு இரண்டாமிடம் என்றுதான் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த வோக்ஸ், பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி இருந்த அதே குழுவில்தான் உட்கார்ந்தது. ஆக இந்த உறவைக் கடற்கரை மதுக்கடைகளில் இருப்பவர்கள் மட்டும் தொடங்கவில்லை. ஓரிஹுவேலா நகராட்சியில் 2023 தேர்தலுக்குப் பின் ஸ்பெயினின் வலதுசாரி மக்கள் கட்சியும் வோக்ஸும் கூட்டாக ஆட்சிக்கு வந்தன. பிரிட்டிஷ்காரர்கள் நெருக்கமாக வாழும் ஓரிஹுவேலா கோஸ்டா அந்த நகராட்சிக்குள்தான் வருகிறது. குப்பை அள்ளவில்லை, வசதிகள் போதவில்லை என்ற புகார் அங்கே பல வருடப் பழசு.

அப்படியானால் ஒன்றியத்தில் தங்க வேண்டும் என்றவர்கள் பக்கம்தான் முழு நியாயமா?

வாக்கெடுப்புக் கேள்வியில் நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்களிடமும் ஒரு குறை உண்டு. ஐரோப்பியர் என்று பெருமைப்படும் பலர் பத்து வருடம் ஸ்பெயினில் இருந்தும் ஸ்பானிஷ் பேசுவதில்லை. ஆங்கில மருத்துவர், ஆங்கிலக் கடை, ஆங்கில வக்கீல். உள்ளூர் இளைஞர்களால் வாடகை கொடுக்க முடியவில்லை என்ற பிரச்சினையில் வெளிநாட்டு வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு, அவர்கள் எந்தப் பக்கம் வாக்களித்திருந்தாலும். 2025 ஜனவரியில், ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஸ்பெயினில் வீடு வாங்கினால் வீட்டு விலைக்கு ஈடாக 100 சதவீதம் வரை வரி போடலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் சோசலிஸ்ட் பிரதமர் பெத்ரோ சான்செஸ். வெளிநாட்டவர் மீதான அதிருப்தி வலதுசாரிகளிடம் மட்டும் இருக்கிறது என்று எண்ணியவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது.

அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

ஜெர்மனியில் பலர் அதைத்தான் செய்தார்கள். 2015இல் ஜெர்மன் குடியுரிமை பெற்ற பிரிட்டிஷ்காரர்கள் 622 பேர், 2019இல் சுமார் 14,600 பேர். ஸ்பெயினில் பத்து வருடம் வசித்திருக்க வேண்டும், பிரிட்டிஷ் குடியுரிமையைக் கைவிடுவதாகவும் அறிவிக்க வேண்டும். நெதர்லாந்திலும் பொதுவாகப் பழையதை விடத்தான் வேண்டும். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் 2024 ஜூன் தேர்தல் பிரசாரத்தில் லெ பென் கட்சியின் ஜோர்டான் பார்டெல்லா, முக்கியமான சில அரசுப் பதவிகளை இரட்டைக் குடியுரிமைக்காரர்களுக்குத் தரக்கூடாது என்றார். கடவுச்சீட்டு வாங்கியவரையும் பிரித்துப் பார்க்கும் அரசியல் அது.

தமிழர்களுக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பிரெக்சிட்டுக்கு முன்பே பிரிட்டனுக்கு மாறிவந்தன. ஒன்றியக் குடிமக்களாக வந்த அவர்கள் 2021 ஜூன் 30க்குள் புதிய தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பாரிஸ் லா சப்பலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாலும் 90 நாள் கணக்குதான்.

சண்டை ஓய்ந்துவிட்டதா?

இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் ஒன்றியத்தின் புதிய எல்லைப் பதிவு முறை தொடங்கி, வசிப்பு அட்டை இல்லாத பிரிட்டிஷ்காரர்களின் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கப்படுகின்றன. 90 நாளைக் கணினி எண்ணுகிறது. பிரிட்டனில் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 2024 தேர்தலில் 14.3 சதவீத வாக்கும் ஐந்து இடங்களும் பெற்றது. குடியேறிகளின் காலவரையற்ற தங்கும் உரிமையையே ஒழிப்போம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது. 15 வருட விதி போய்விட்டதால் இப்போது அலிகாண்டேவில் இருப்பவரும் அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்கலாம்.

சண்டையின் வடிவம் மட்டும் மாறிவருகிறது. 2020 முடிவதற்குள் வந்தவர்களின் உரிமை சர்வதேச ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பெயின் அரசு தனியாக நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. 2021க்குப் பின் விசாவில் வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் ஸ்பெயினின் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், மொராக்கோக்காரரும் கொலம்பியாக்காரரும் வரும் அதே அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். வோக்ஸ் ஆதரவோடு மத்ரிதில் ஆட்சி வந்து அந்தச் சட்டத்தைக் கடுமையாக்கினால் அது முதலில் தொடப்போவது இவர்களைத்தான். புதிதாக வந்தவர்கள் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய அட்டைக்காரர்களில் சிலர் இன்னும் அது தங்கள் பிரச்சினை இல்லை என்கிறார்கள்.